நான் போகாத நாட்கள்

நம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வருக்கும் என் களப்பணி அனுபவங்களை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். இப்படி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பணி ஓய்வு பெற்ற பிறகுதான் எழுதுவார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. இரண்டாவது குழந்தை வரப்போவதால் களத்தை விட்டு மேசைக்கு வருகிறேன், அவ்வளவுதான். என் குறிப்பேடுகள் இனி உங்கள் கைக்கு வரும். அவற்றை அப்படியே நம்பிவிட வேண்டாம் என்று சொல்வதற்காகவே இதை எழுத ஒப்புக்கொண்டேன்.

மூன்று நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் எழுதியது மறுநாள் படித்தபோது புத்திமதி போல இருந்தது. இரண்டாவது நாள் எழுதியது மன்னிப்புக் கடிதம் போல இருந்தது. இது எப்படி இருக்கப்போகிறதோ தெரியவில்லை. படிவம் தயாரிப்பது, ஆட்களைத் தேர்ந்தெடுப்பது, எண்களைக் கணினியில் ஏற்றுவது எல்லாம் உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நானும் அந்த வகுப்பில் உட்கார்ந்தவள்தான். சர்வதேச வணிகத்தில் முதுகலை முடித்து, திருமணமாகி, குழந்தை பிறந்து, பத்து மாதக் குழந்தையோடு இந்த வேலைக்கு வந்தேன். களத்துக்கு அனுப்பும் முன் ஐந்து வாரம் ஆய்வு முறைகளும் அறிவியலின் தத்துவமும் படிக்க வேண்டும். மதியத்துக்கு மேல் எனக்குப் பால் கட்டிக்கொள்ளும். மார்பு வலியோடு, கடிகாரத்தைப் பார்த்தபடியே குறிப்பெடுப்பேன். எங்களுக்குப் பாடம் எடுத்தவர் ஒரு நாள் கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வியை எழுதிவிட்டு அரை மணி நேரம் பேசினார்: "உங்கள் முடிவு தவறாக இருந்தால், அது உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரியவரும்?" நான் அதைச் சிவப்பு மையில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். தேர்வில் அதைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். நல்ல மதிப்பெண்ணும் வந்தது. அதன்பின் அந்த நோட்டைப் பரணில் வைத்துவிட்டேன்.

எனக்குக் கொடுத்த வேலை இது. சென்னையில் ஓர் ஏற்றுமதி நிறுவனம் பழவேற்காடு ஏரி இறாலை வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. இடைத்தரகர் இல்லாமல், குப்பத்துக் குடும்பங்களிடமே நேரடியாக வாங்க முடியுமா என்று அவர்களுக்கு ஒரு யோசனை. நம் அலுவலகமும் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அதை ஆராய வேண்டும். ஆய்வின் முடிவில் ஒரு பட்டியல் தர வேண்டும். பட்டியலில் இருக்கும் குடும்பங்களின் கரைக்குத் தினமும் வண்டி வரும், ஐஸ் வரும், விலை முன்கூட்டியே பேசி முடிவாகும். பட்டியலில் இல்லாதவர்கள் பழையபடி தரகர் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டியதுதான்.

களம், பழவேற்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகும் ஒரு குப்பம். பெயர் வேண்டாம். நான் ஏரிக்கு மேற்கே நெல் விளையும் ஊரில் பிறந்தவள். ஏரிக் காற்றில்தான் எங்கள் வீட்டுத் துணிகள் உலரும். அதனால் ஏரியைப் பற்றி நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. சென்னையிலிருந்து யாராவது வந்திருந்தால், ஒன்றும் தெரியாது என்ற பயத்திலாவது கேட்டிருப்பார்கள்.

என் முதல் தவறு சிறியது. ஆனால் அதிலிருந்துதான் பெரியது வந்தது.

படிவத்தில் நம்பிக்கை பற்றிச் சில கேள்விகள் இருந்தன. 'உங்களிடம் வாங்கும் வியாபாரியை எவ்வளவு நம்புகிறீர்கள்? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள்' என்பது போன்றவை. கரையில் இறால் தரம் பிரிக்கும் பெண்களிடம் ஆரம்பித்தேன். முதலில் அஞ்சலை அக்கா. அவர் கணவர் தேசப்பன் ஏரியில் வலை போடுகிறவர். அக்கா எல்லாவற்றுக்கும் "அஞ்சு" என்றார். வியாபாரியை நம்புகிறீர்களா, அஞ்சு. வியாபாரி எடையில் ஏமாற்றுவதுண்டா, அதற்கும் அஞ்சு.

"அக்கா, நம்பிக்கைக்கும் அஞ்சு சொன்னீங்க. ஏமாத்துறாரான்னு கேட்டாலும் அஞ்சு சொல்றீங்களே?"

"போட்டுக்கோ டீச்சரு. கொறச்சு போட்டா மேல உனக்குத்தான திட்டு வுழும்? கைக்கொயந்தக்காரி, பாவம்."

நோட்டும் பேனாவுமாகப் போனதால் அங்கே எனக்கு டீச்சர் என்று பெயர். மதிப்பெண் எனக்கு என்று நினைத்திருக்கிறார். அவர் மட்டுமில்லை, அந்த வரிசையில் இருந்த எல்லாப் பெண்களும். கடைசியில் இருந்த ஒருவர் மட்டும் நாலு கொடுத்தார். ஏனென்று கேட்டேன்.

"முந்தாநேத்து நீ லேட்டா வந்த இல்ல? அதான்."

அன்று வீட்டுக்கு வந்து அந்தக் கேள்விகளை அடித்துவிட்டு, வேறு மாதிரி எழுதிக்கொண்டு போனேன். 'வியாபாரி எடை போடும்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள்?' என்று கேட்டேன். "எங்க இருப்பேன்? தட்டு மேல கண்ணு வெச்சிக்கினு அங்கியே நிப்பேன்" என்றார் அஞ்சலை அக்கா. ஐந்துக்கு எத்தனை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

இதை நானாகக் கண்டுபிடித்துத் திருத்தியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். ஆனால் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் தவறானது. மனிதர்கள் சொல்வது நம்மைப் பார்த்து வளைந்துகொடுக்கும், எடை வளையாது என்று முடிவு செய்தேன். அன்றிலிருந்து பேச்சைக் குறைத்தேன். கரையில் நின்று, யார் எவ்வளவு கொண்டுவருகிறார்கள் என்று தராசைப் பார்த்து எழுத ஆரம்பித்தேன்.

குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் அந்த நாட்களில் என் பெரிய கவலை. என் நாத்தனார் பொன்னேரியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார். ஒரு நாள் முழுக்க டூட்டி, மறுநாள் ஓய்வு. அவருடைய ஓய்வு நாட்களில் மகளை அவரிடம் விட்டுவிட்டு நான் களத்துக்குப் போவேன். டூட்டி நாட்களில் வீட்டிலிருந்து கணினி வேலை செய்வேன். அலுவலகத்தில் இதற்குத் தயங்கித் தயங்கி அனுமதி கேட்டேன். 'ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும், சீராகப் போனால் சரி' என்றார்கள். சீராகப் போனேன். அதில் எனக்கு அவ்வளவு அக்கறை. ஒரு தடவை காய்ச்சலில் போக முடியாமல் தவறியபோதுகூட, அடுத்த ஓய்வு நாளில் சரியாகப் போய் நின்றேன்.

கரையில் ஒரு தகரக் கொட்டகை. அதன் கிழக்குப் பக்கம் ஒரு பதினாறு குடும்பங்கள் இறாலைக் கொட்டும். மேற்குப் பக்கம் ஏறக்குறைய அதே அளவு குடும்பங்கள். இரண்டு மாதம் பார்த்தேன். கிழக்குப் பக்கத்தார் நான் போகும் நாளெல்லாம் கூடை கூடையாக, நல்ல பெரிய இறாலாகக் கொண்டுவந்தார்கள். மேற்குப் பக்கத்தாரில் பாதிப் பேர் கரையிலேயே உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருப்பார்கள். மீதிப் பேர் ஏதோ கொஞ்சம், பொடி இறாலாகக் கொண்டுவருவார்கள். ஒரு நாள்கூட இது மாறவில்லை.

ஒரு நாள்கூட மாறாத ஒன்றைக் கண்டால் பயப்பட வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன். முடிவு இவ்வளவு தெளிவாக வருகிறதே என்று.

காரணமும் நானே கண்டுபிடித்துக்கொண்டேன். கிழக்குப் பக்கத்தார் முனைப்புள்ளவர்கள், மாறும் சந்தைக்குத் தயாரானவர்கள். மேற்குப் பக்கத்தார் இருப்பதே போதும் என்று இருப்பவர்கள். படித்த புத்தகங்களில் இதற்குப் பொருத்தமான சொற்கள் கிடைத்தன. ஒரே ஒரு தடவை, மேற்குப் பக்கத்தில் கொட்டும் தேசப்பன் அண்ணனிடம் கேட்டேன்.

"என்ன அண்ணே, இன்னைக்கும் கம்மிதானா?"

"இன்னிக்கு அவ்ளோதாம்மா" என்றார்.

அன்றைய குறிப்பில் அவர் பெயருக்கு எதிரே 'ஆர்வமின்மை' என்று எழுதினேன். அந்தப் பக்கத்தை நீங்கள் குறிப்பேட்டில் பார்ப்பீர்கள். அடிக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.

வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. என் படிவம் இறால் கொண்டுவருகிறவர்களுக்கானது.

அறிக்கையின் வரைவை அனுப்பினேன். எங்கள் ஆய்வுத் தலைவர் இரண்டே நாளில் படித்துவிட்டு, மிகத் தெளிவாக இருக்கிறது என்று பதில் போட்டார். வியாழக்கிழமை ஏற்றுமதி நிறுவனத்தாரோடு கூட்டம், வெளிநாட்டுப் பேராசிரியர்களும் திரையில் வருவார்கள், அன்றே பட்டியலை முடிவு செய்துவிடலாம் என்றார். கிழக்குப் பக்கத்துப் பதினாறு குடும்பங்களின் பெயர்களையும் ஒரு தடவை கரையிலேயே சரிபார்த்துவிடச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை போனேன். வழக்கமாக நான் போகும் நாள். கிழக்குப் பக்கத்தாரில் பெரும்பாலானோர் எடை முடித்துப் படகு கழுவப் போயிருந்தார்கள். கொட்டகையில் இருந்த பெண்களிடம் பெயர்களைப் படித்துக் காட்டினேன். மேற்குப் பக்கத்தில் வலையோடு உட்கார்ந்திருந்த தேசப்பன் அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, எங்க பேரெல்லாம் எப்ப வரும்?"

எனக்குச் சங்கடமாக இருந்தது. "இது ஒரு பட்டியல் அண்ணே. நிறைய இறால் கொண்டுவர்றவங்களோட பேரு."

"அப்ப நாங்க?"

"நீங்க கொண்டுவர்றது கொஞ்சம் கம்மியா இருக்கே அண்ணே. ரெண்டு மாசமாப் பாத்துட்டுத்தான் எழுதியிருக்கேன்."

அவர் வலையைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். பக்கத்தில் இருந்தவரைத் தட்டி, "டேய், கேட்டியா? நாம கம்மியா கொண்டாறோமாம்" என்றார். அவரும் சிரித்தார். அஞ்சலை அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"நீ எந்த நாள்ல வர்ற டீச்சரு?" என்று கேட்டார் அக்கா.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் வர்றேனே."

"அதாம்மா. இன்னிக்கு அவுங்க பாடு. நாளைக்கு எங்க பாடு. நீ அவுங்க பாடு அன்னிக்கே வந்துகினு இருந்தா, எங்ககிட்ட இன்னா இருக்கும்?"

எனக்குப் புரியவில்லை. தேசப்பன் அண்ணன் தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துப் பக்கம்தான் நல்ல இறால் கிடைக்கும். அந்த இடத்தில் எல்லோரும் ஒரே நாளில் வலை போட முடியாது. அதனால் ஊர் இரண்டு செட்டாகப் பிரிந்து, ஒரு நாள் ஒரு செட்டு, மறுநாள் அடுத்த செட்டு என்று முறை வைத்துக்கொண்டிருக்கிறது. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். பாடு இல்லாதவர்கள் அன்று வலை பின்னுவார்கள், அல்லது ஏரியின் உள்பக்கம் போய்க் கிடைத்ததைக் கொண்டுவருவார்கள்.

"காத்து, மழைன்னு ஒரு நாள் யாரும் போகலன்னா?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு யாரு பாடோ அவுங்களுக்குப் போனது போனதுதான். மறுநா அடுத்தவனுக்கு. அதுல பேச்சே கெடையாது."

"இதை ஏன் அண்ணே என்கிட்ட இத்தனை நாள் சொல்லல?"

"இது இன்னாம்மா பேஜாரா கீது. சூரியன் கெயக்கால வருதுன்னு உன்னாண்ட யாரனா வந்து சொன்னாங்களா? பக்கத்து ஊருப் பொண்ணு, தெரியும்னு நெனச்சோம்."

ஆட்டோவில் திரும்பி வரும்போது விரல் விட்டு நாட்களை எண்ணிப் பார்த்தேன். நாத்தனாரின் ஓய்வு நாளும் கிழக்குச் செட்டின் பாடும் ஒன்றாக விழுந்திருக்கின்றன. இரண்டு மாதமும் நான் ஏரியைப் பார்க்கவில்லை, நாத்தனாரின் டூட்டிச் சீட்டைப் பார்த்திருக்கிறேன். மேற்குச் செட்டைச் சேர்ந்த அத்தனை குடும்பங்களும் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. வெளியே நிறுத்தியது நான்.

உடனே இன்னொரு யோசனையும் வந்தது. தேசப்பன் அண்ணனுக்குப் பட்டியலில் இடம் வேண்டும். அதற்காகச் சொல்லியிருந்தால்? முறை உண்டு என்பது உண்மையாகவே இருக்கட்டும், அவர்கள் நாளில் அவர்கள் நிறையக் கொண்டுவருகிறார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? கிழக்குச் செட்டைக் கேட்கலாமென்றால், அவர்களுக்கு மற்றவர்கள் வெளியே இருப்பதுதானே லாபம்? ஆய்வுத் தலைவருக்குப் போன் செய்ய எடுத்து, வைத்துவிட்டேன். ஒரே ஒருவர் சிரித்துவிட்டுச் சொன்னதை வைத்து இரண்டு மாத வேலையைத் தப்பு என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி இருப்பது? என் வேலை ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது என்பதையும் நினைத்தேன். நினைக்கவில்லை என்று எழுதினால் அது பொய்.

அப்போதுதான் சிவப்பு மையில் எழுதிய அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது. என் முடிவு தவறாக இருந்தால் அது எங்கே தெரியும்? நான் போகாத நாளில் தெரியும். நாளைக்கு.

நாளைக்கு நாத்தனாருக்கு டூட்டி.

புதன்கிழமை காலை மகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அப்போது அவளுக்குப் பதின்மூன்று மாதம். பையில் இரண்டு தண்ணீர் பாட்டில், கஞ்சி, நாலு செட் துணி, தொப்பி, காய்ச்சல் மருந்து, ஒரு குடை. கணவர் வாசலில் நின்று, "ஒரு நாள் லீவு போட்டு நான் பாத்துக்கட்டுமா?" என்று கேட்டார். அவர் வேலை பார்க்கும் கிடங்கில் அந்த மாதம் லீவு இல்லை என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்றேன். ஆட்டோவில் உப்புக் காற்று அவள் முகத்தில் அடித்தபோதெல்லாம் நான் செய்வது சரியா என்று கேட்டுக்கொண்டே போனேன்.

கரையில் இறங்கியதும் முதலில் என்னைப் பார்த்தது கிழக்குச் செட்டின் முருகேசன். பட்டியலில் முதல் பெயர் அவருடையது. கொட்டகை நிழலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"இன்னா டீச்சர், நாள் மாறி வந்துட்டியா?" என்றார்.

நான் எதுவும் கேட்கவில்லை. எதற்கு வந்தேன் என்று அவருக்குத் தெரியாது. பட்டியலைக் காப்பாற்ற வேண்டும் என்றோ கெடுக்க வேண்டும் என்றோ அவர் அதைச் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு என் இரண்டு மாத எடைகளைவிட மதிப்பு அதிகம் என்று அப்போது தோன்றியது.

அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "எப்பவும் எங்க பாடு அன்னிக்கே கரெக்டா வந்து நிப்பியா, எங்க ஆளுங்க மேல உனக்கு ஒரு இதுன்னு பேசிக்கினோம். மேக்கால இருக்கவனுங்களுக்குக் கூட பொறாமதான்."

மகளை இடுப்பில் மாற்றிக்கொண்டு தராசுப் பக்கம் போனேன்.

படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மேற்குப் பக்கத்தில் கூடைகள் நிறைந்தன. நான் ஒரு நாளும் பார்க்காத குவியல். விரல் நீளத்துக்கு மேல், துள்ளிக்கொண்டிருக்கும் இறால். எழுத வேண்டும், ஆனால் கையில் குழந்தை. அஞ்சலை அக்கா என் தவிப்பைப் பார்த்துவிட்டு, இறால் கொட்டும் அகலமான பிளாஸ்டிக் டப் ஒன்றைக் கழுவி, உள்ளே தன் பழைய புடவையை மடித்துப் போட்டார்.

"கொண்டா இங்க. இதுல ஒக்கார வெச்சிட்டு நீ எய்து."

"அக்கா, வேணாம், அவ அழுவா. ஈ உக்காரும்."

"ஈ உக்காந்தா ஓட்டுறேன். எங்க புள்ளைங்கல்லாம் இதுலதான் வளந்துச்சு, ஒண்ணும் ஆவல. எய்து மொதல்ல."

மகள் டப்புக்குள் உட்கார்ந்து அதன் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். அழவில்லை. நான்தான் நொடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்து இரண்டு எடையைத் தவறவிட்டேன்.

ஒரு நாள் பார்த்தது போதுமா? போதாது. இந்த ஒரு நாள் தற்செயலாக இருக்கலாம். இந்தப் பட்டியலால் லாபமும் நட்டமும் இல்லாத ஒருவரைத் தேடினேன். தினமும் வண்டியில் ஐஸ் கொண்டுவருகிறவர் இருந்தார். இரண்டு பக்கமும் அவருக்கு வாடிக்கை.

"அண்ணே, ஐஸ் எந்தப் பக்கம் அதிகம் எறக்குவீங்க?"

"எந்தப் பக்கமா? நேத்து அந்தப் பக்கம், இன்னிக்கு இந்தப் பக்கம். சீசன் பூராவும் அதான கணக்கு. மாத்தி எறக்கினா என்னைத்தான் ஒதைப்பாங்க."

கொட்டகைக்குப் பின்னால் போய் ஆய்வுத் தலைவருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கோர்வையில்லாமல் சொன்னேன். அவர் குறுக்கிடவில்லை. பின்னால் மகள் அழ ஆரம்பித்தாள். அஞ்சலை அக்கா அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்குக் கூட்டம். இன்னைக்கு இதைச் சொல்றீங்க" என்றார் தலைவர்.

"ஆமா சார்."

"பேராசிரியர்கள் அங்க இருந்து ஸ்க்ரீன்ல வரப்போறாங்க. கம்பெனிக்காரங்க பட்டியலை எதிர்பார்த்துட்டு இருக்காங்க. அந்த மேற்குப் பக்கத்து ஆளுங்க இவங்க அளவுக்குச் சமமாக் கொண்டுவருவாங்கன்னு உங்களால உறுதியாச் சொல்ல முடியுமா?"

"முடியாது சார். ஒரு நாள்தான் பாத்திருக்கேன்."

"அப்புறம் எதை வச்சு நிறுத்தச் சொல்றீங்க?"

என்ன சொல்வது என்று யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது. "நான் எழுதினது தப்புன்னு மட்டும் உறுதியாத் தெரியும் சார். எது சரின்னு இன்னும் தெரியாது."

"சரி. நாளைக்கு நீங்களே வந்து சொல்லுங்க" என்றார். அது தண்டனையா, அனுமதியா என்று வீடு வரும்வரை எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை நாத்தனாரிடம் குழந்தையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனேன். கூட்டத்தில் எழுந்து நின்று, வரைவில் உள்ள முக்கியமான முடிவு தவறு, அது நான் களத்துக்குப் போன நாட்களால் வந்தது என்றேன். ஏன் அந்த நாட்களில் போனேன் என்று ஒருவர் கேட்டார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அன்றுதான் ஆள் உண்டு என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

நிறுவனத்தின் கொள்முதல் மேலாளர் பொறுமை இழந்துவிட்டார். "எங்களுக்குத் தினமும் சரக்கு வேணும்மா. யார் நம்பகமானவங்க? அதை மட்டும் சொல்லுங்க."

அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தது மேற்குச் செட்டுக்கு நான் இழைத்த அநியாயத்தைப் பற்றித்தான். அவர் 'தினமும்' என்று சொன்ன பிறகுதான் மீதியும் எனக்குத் தெரிந்தது.

"இந்தப் பட்டியல்படி போனா, வண்டி ஒரு நாள் நிறைஞ்சு வரும் சார், மறுநாள் காலியா வரும். ஒரு மாசத்துல நீங்க இவங்க ஒப்பந்தத்தை மீறிட்டாங்கன்னு சொல்வீங்க. இவங்க மீறல. அன்னைக்கு அவங்க முறை இல்ல. ரெண்டு செட்டும் சேர்ந்தாத்தான் தினமும்ங்கறது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஆய்வுத் தலைவரைப் பார்த்தார். பட்டியல் நிறுத்தப்பட்டது. இன்னும் ஆறு வாரம், எல்லா நாட்களும் பார்த்து மறுபடி எழுத வேண்டும் என்று முடிவானது. என் ஒப்பந்தத்தையும் அப்போதைக்கு அந்த ஆறு வாரத்துக்கு மட்டும் நீட்டித்தார்கள். கணவரும் நாத்தனாரும் லீவையும் டூட்டியையும் மாற்றி மாற்றிச் சமாளித்தார்கள். சில நாள் மகள் என்னோடு கரைக்கு வந்தாள்.

அந்த ஆறு வாரமும் முருகேசன் என்னோடு சரியாகப் பேசவில்லை. பட்டியல் தள்ளிப்போனதால் நல்ல சீசனில் பாதி தரகர் விலைக்கே போய்விட்டது. "நீ உண்மையக் கண்டுபுடிச்ச, சரி. எங்களுக்கு இன்னா ஆச்சு?" என்று ஒரு நாள் கேட்டார். நான் முதல் நாளே சரியாகப் பார்த்திருந்தால் அந்தச் சீசன் அவர்களுக்கு முழுதாகக் கிடைத்திருக்கும். தவறைத் திருத்தினேன் என்று யாராவது என்னைப் பாராட்டினால் எனக்கு முருகேசன் முகம்தான் தெரியும்.

புது அறிக்கையில் இரண்டு செட்டும் இருந்தன. பெயர்ப் பட்டியலுக்குப் பதிலாக ஊரோடு மொத்தமாக ஒப்பந்தம் பேசிக்கொள்வது என்று முடிவாயிற்று. அதற்கான பேச்சுக்கு நான் போகவில்லை. ஊரும் நிறுவனமும் பார்த்துக்கொண்டன.

முதல் வண்டி வந்த அன்று நான் கரையில் இருந்தேன். மேற்குச் செட்டின் பாடு. அன்று பார்த்து இறால் குறைந்துவிட்டால், எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். குறையவில்லை. தேசப்பன் அண்ணனின் கூடைகள் முதலில் தராசில் ஏறின. அஞ்சலை அக்கா வழக்கம்போலத் தட்டின் மேல் கண் வைத்து நின்றார்.

ஓட்டுநர் திருவள்ளூர்ப் பக்கத்து ஆள். இறாலைப் பற்றியோ ஏரியைப் பற்றியோ ஒன்றும் தெரியாதவர். ஐஸ் பெட்டிகளை இறக்கிவிட்டுக் கொட்டகை நிழலுக்கு வந்தார். அங்கே வலையோடு உட்கார்ந்திருந்த முருகேசனைப் பார்த்தார்.

"ஏண்ணே, நீங்க போவலியா?"

"இன்னிக்கு அவுங்க பாடுப்பா. நாளைக்கு நாங்க. நாளைக்கு இன்னும் ரெண்டு பெட்டி சேத்து எடுத்துகினு வா."

"சரிண்ணே" என்று ஓட்டுநர் தீப்பெட்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் அந்தக் கரைக்கு வந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.